கட்டலாமா, செக் சொல்லலாமா, கவிழ்க்கலாமா? காசிமேட்டு மாடியில் அடிக்கடி கேட்கப்படும் போக்கர் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் காசிமேட்டில் வலை சரிசெய்வார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். வெயில் தாழ்ந்தால் கேரம் போர்டும் சீட்டுக்கட்டும் வெளியே வரும். எங்கள் மொட்டை மாடியில் சில வருடமாக ரம்மியின் இடத்தைப் போக்கர் பிடித்துக்கொண்டது. காசு கிடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "நோ லிமிட்" என்றால் என்ன?

நாங்கள் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. அப்புறம் நடுவில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், அது ஃப்ளாப். நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். சீட்டு கொடுத்ததும் ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்கும் பிறகு ஒரு சுற்று, ஆக நான்கு முறை பேசுவோம். கடைசிவரை நிற்பவர்கள் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைக் காட்ட வேண்டும். ஆட்டத்தில் ஏதாவது இருக்க வேண்டுமே என்பதற்காக, சீட்டு போடுபவருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் சீட்டைப் பார்க்காமலே 1, 2 என்று கட்டுவார்கள். அதுதான் பிளைண்ட்.

உங்களுக்கு முன் யாரும் கட்டவில்லை என்றால் செக் சொல்லி இலவசமாகக் கடக்கலாம், அல்லது பெட் கட்டலாம். யாராவது கட்டியிருந்தால் மூன்று வழி: அதே அளவு போட்டுக் கால், கூட்டி ரெய்ஸ், சீட்டைக் கவிழ்த்து ஃபோல்டு. சேர்ந்து கிடக்கும் மொத்தத்துக்குப் பாட் என்று பெயர். எங்கள் மாடியில் அது "நடு".

நோ லிமிட் என்றால் உங்கள் முன்னால் இருப்பது முழுவதையும் எந்த நேரத்திலும் நடுவில் தள்ளலாம். ஆனால் ஆட்டம் ஓடும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சேர்க்க முடியாது. சினிமாவில் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கி வைப்பார்களே, அதெல்லாம் இங்கே செல்லாது.

என் முறை வந்ததும் முதலில் எதை யோசிக்க வேண்டும்?

உங்கள் சீட்டை அல்ல. "நான் கட்டினால் யார் கூட வருவார், யார் கவிழ்ப்பார்?" இதைத்தான்.

கட்டுவதற்கு நல்ல காரணம் இரண்டுதான். என்னைவிட மட்டமான சீட்டு வைத்திருப்பவர் கூட வந்து எனக்குக் கொட்டை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் என்னைவிட நல்ல சீட்டு வைத்திருப்பவர் பயந்து கவிழ்க்க வேண்டும். இரண்டும் நடக்காது என்று தோன்றினால் செக். "நம்ம கை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கட்டினேன்" என்று ஒருவர் வாரம் தவறாமல் சொல்வார். தெரிந்துகொண்ட பிறகு அவரிடம் கொட்டை இருப்பதில்லை.

ரம்மியில் என்னை அடிக்க ஆள் இல்லை. இங்கே மட்டும் ஏன் தோற்கிறேன்?

ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டால், அதாவது ஆடாமல் விலகினால், 20 புள்ளி தண்டம், நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை போகும். அதனால் கெட்ட சீட்டு வந்தால் உடனே ஸ்கூட் விட வேண்டும் என்று உங்கள் கைக்கே தெரியும். போக்கரில் பிளைண்ட் போடாதவருக்கு முதல் ஸ்கூட் முழுக்க இலவசம். இலவசம் என்பதாலேயே யாரும் அதை மதிப்பதில்லை! 2 கொட்டைதானே என்று எல்லாச் சீட்டையும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்கள்.

அந்த 2 கொட்டை பெரிதில்லை. அதைத் தொடர்ந்து வரும் 20, 60, 150தான் ஆளைத் தின்கிறது. ராணி-நான்கு பிடித்து உள்ளே வருகிறீர்கள், ஃப்ளாப்பில் ராணி விழுகிறது. இப்போது விட மனம் வருமா? எதிரே ராஜா-ராணி வைத்திருப்பவர் மெதுவாக உங்களைக் கரைப்பார்.

எந்தச் சீட்டோடு உள்ளே வரலாம்?

அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காசிமேட்டு ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் கூடையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். மற்றவர்கள் எதுவரை போகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாயைத் திறப்பவர்தான் மிச்சம் பிடிப்பார். போக்கரில் அந்த இடம் சீட்டு போடுபவருடையது. ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவர்தான் கடைசியாகப் பேசுவார்.

முன்னால் பேச வேண்டியவராக இருந்தால் பெரிய ஜோடிகள், ஆஸ்-ராஜா, ஆஸ்-ராணி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி இடங்களில் சின்ன ஜோடி, ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த எண் என்று கொஞ்சம் தாராளமாக வரலாம். எதிர்பார்ப்பை அளவோடு வைக்க மூன்று கணக்கு: ஆஸ் ஜோடி 221 முறைக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும். ஜோடி இல்லாத இரண்டு சீட்டுக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது அமைவது மூன்றுக்கு ஒரு முறை. சின்ன ஜோடி ஃப்ளாப்பில் மூன்றாவது துணையைப் பிடிப்பது ஏறக்குறைய எட்டரைக்கு ஒன்று.

எதிராளி கட்டிவிட்டார். எனக்கு ஃப்ளஷுக்கு ஒரு சீட்டுதான் குறைகிறது. கூடப் போகலாமா?

எங்கள் மாடியில் அதிகம் சண்டை நடக்கும் கேள்வி இது. ஐந்து சீட்டும் ஒரே சின்னமாக அமைந்தால் ஃப்ளஷ் என்பது தெரியும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்), ஃப்ளாப்பில் இரண்டு ஆட்டின். நடுவில் 100 கொட்டை கிடக்கிறது, எதிராளி 50 கட்டுகிறார். நீங்கள் 50 போட்டால் மொத்தம் 200 ஆகும். 200-இல் உங்கள் 50 நான்கில் ஒரு பங்கு. அதாவது 100-க்கு 25 முறையாவது ஜெயித்தால்தான் இந்தக் கால் கட்டுப்படியாகும். அவர் முழு 100 கட்டியிருந்தால் 300-இல் 100, அதாவது 33 முறை வேண்டும். எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் இந்தக் கணக்கு 50-ஐத் தாண்டாது.

இனி உங்கள் வாய்ப்பு. மொத்த ஆட்டின் 13, நான்கு கண்ணில் பட்டுவிட்டது, மீதி 9. பார்க்காத சீட்டு 47. டர்னில் ஆட்டின் வர 47-க்கு 9, சுமார் 19 சதவீதம். டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்தால் 35 சதவீதம். மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: உதவும் சீட்டுகளை எண்ணி, ஒரு திறப்பு பாக்கி என்றால் 2-ஆலும், இரண்டு திறப்பு பாக்கி என்றால் 4-ஆலும் பெருக்குங்கள். 9-க்கு 18, 36 வரும். மாடிக்கு அது போதும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "எனக்கு 35 சதவீதம், வேண்டியது 25, அப்புறம் என்ன" என்று போட்டுவிடுவார்கள். டர்னில் ஆட்டின் வரவில்லை என்றால் அவர் மறுபடி கட்டுவார், ரிவரைப் பார்க்க இன்னொரு விலை கேட்பார். நீங்கள் இப்போது கொடுக்கும் 50 ஒரே ஒரு சீட்டைப் பார்ப்பதற்கு மட்டும். ஆக உங்கள் வாய்ப்பு 19, வேண்டியது 25. அவர் தன்னிடம் இருக்கும் கடைசி 50-ஐ ஆல் இன் தள்ளியிருந்தால் கதை வேறு. அதற்கு மேல் யாரும் கட்ட முடியாது, இரண்டு சீட்டையும் பார்க்கலாம், 35 உங்களுடையது. தாராளமாகப் போங்கள்.

அப்படியானால் முதல் நிலையில் கவிழ்க்கத்தான் வேண்டுமா? அவசியமில்லை. ஃப்ளஷ் விழுந்த பிறகு அவரிடமிருந்து மேலும் எவ்வளவு வரும் என்று பாருங்கள். கணக்குப் போட்டால், விழும் ஒவ்வொரு முறையும் சராசரியாக இன்னும் 61 கொட்டையாவது வர வேண்டும். (61 நாள், 61 கொட்டை. நான் வேண்டுமென்று அமைக்கவில்லை, தானாக வந்தது.) அவர் முன்னால் இன்னும் 150 இருக்கிறது, மூன்றாவது ஆட்டினைக் கண்டாலும் அசரமாட்டார் என்றால் கால் சொல்லலாம். ஆட்டின் விழுந்த உடனே கையைத் தூக்கிவிடுகிறவர் என்றால் இப்போதே கவிழ்ப்பது நல்லது.

ஐந்து சீட்டும் அடுத்தடுத்த எண்ணாக அமைந்தால் ஸ்ட்ரெயிட். இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு உதவும் சீட்டு 8, இதே கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ரெயிட்டுக்கு 4 சீட்டுதான். அதற்காக அரை நடு கொடுத்துப் போகிறவரைப் பார்த்தால் என் அம்மாகூடச் சிரிக்கிறார். அவர் டீ கொடுக்க வந்தவர்.

எனக்கு நடுத்தரமான ஜோடி. எல்லாரும் செக் சொல்லிவிட்டார்கள். நான் கட்டலாமா?

ஒரு கையை முழுதாக நடத்திக் காட்டுகிறேன். உங்களிடம் ராணி-ஜாக்கி. ஃப்ளாப்பில் ராணி, ஒன்பது, ஐந்து, மூன்றும் வேறு வேறு சின்னம். மேல் ஜோடி உங்களுடையது. கட்டுங்கள். ஒன்பது வைத்திருப்பவர் வருவார், ஜாக்கி-பத்து வைத்து ஸ்ட்ரெயிட்டுக்குக் காத்திருப்பவர் வருவார். எல்லாம் உங்களைவிட மட்டம். இரண்டு பேர் கூட வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

டர்னில் ஆஸ் விழுகிறது. உங்கள் சீட்டு மாறவில்லை, ஆனால் முதல் கேள்விக்குப் பதில் மாறிவிட்டது. இப்போது கட்டினால் ஆஸ் வைத்திருப்பவர் சந்தோஷமாக வருவார், ஒன்பது வைத்திருப்பவர் போய்விடுவார். நீங்கள் ஜெயிக்கக்கூடியவரைத் துரத்திவிட்டு, உங்களை ஜெயிக்கக்கூடியவரோடு மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள். செக் சொல்லுங்கள்.

ரிவரில் மூன்று விழுகிறது. ஒருவர் செக், இன்னொருவர் அரை நடு கட்டுகிறார். மேலே பார்த்த கணக்குதான், 100-க்கு 25 முறை நீங்கள் முன்னால் இருந்தால் போதும். ஆக உண்மையான கேள்வி, இந்த ஆள் நான்கில் ஒரு முறையாவது வெறும் கையோடு கட்டுகிறவரா என்பது. அந்த ஜாக்கி-பத்து காத்திருந்தது வீணாகிவிட்டது, எட்டும் வரவில்லை ராஜாவும் வரவில்லை. ஆடிப் பழகிய பையன் அதை வைத்து ஒரு பொய்யைக் கட்டிப் பார்ப்பான். அவனுக்குக் கால் சொல்வேன். எங்கள் மாடியில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் பார்த்தவரை ரிவரில் ஒரு பொய் கட்டியது கிடையாது. அவர் கட்டினால் ராணி ஜோடியை யோசிக்காமல் கவிழ்ப்பேன். அதே சீட்டு, அதே தொகைதான்.

சும்மா செக் சொல்லிக்கொண்டே இருந்தால் பயந்தவன் என்று நினைக்க மாட்டார்களா?

வடசென்னையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வண்ணாரப்பேட்டைப் பெண். தெருவுக்குத் தெரு போர்டு இருக்கும் ஊர் இது. காய் போட வழியில்லாதபோது எதிராளிக்கும் வழி கிடைக்காதபடி ஸ்ட்ரைக்கரை மெல்லத் தட்டி வைப்பதை நாம் பயம் என்று சொல்வதில்லை. செக்கும் அப்படித்தான்.

தவிர, எப்போதாவது பலமான சீட்டோடும் செக் சொல்லுங்கள். எதிராளி கட்டியதும் ரெய்ஸ் செய்யுங்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் உங்கள் செக்கைக் கண்டதும் கட்டக் கை வராது. ஒன்று மட்டும் வேண்டாம்: யாரும் கட்டாதபோது ஃபோல்டு. இலவசமாகக் கிடைக்கும் சீட்டை வேண்டாம் என்று சொல்வதில் என்ன லாபம்?

பிளஃப் எப்போது அடிக்க வேண்டும்?

பிளஃப் என்பது பொய்யாகக் கட்டுவது, அதாவது கதை சொல்வது. முதல் சுற்றிலிருந்து நீங்கள் செய்ததெல்லாம் அந்தக் கதைக்குப் பொருந்த வேண்டும். கேட்கிறவர் கவிழ்க்கக்கூடிய ஆளாகவும் இருக்க வேண்டும்.

2003 உலகப் போட்டியின் கடைசி மேசையில் மிஞ்சியவர்கள் இருவர்: கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்கர், சாமி ஃபார்ஹா என்ற தேர்ந்த ஆட்டக்காரர். அந்த நாளில் அதிகம் பேசப்பட்ட கையில் மனிமேக்கரிடம் இருந்தது ராஜா-ஏழு. டர்ன் வந்தபோது ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெயிட்டுக்கும் சேர்த்தே காத்திருந்தார். ரிவரில் இரண்டும் விழவில்லை. கையில் ஒரு ஜோடிகூட இல்லை, ஆல் இன் தள்ளினார். ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி, மேசையில் அதுதான் மேல் ஜோடி. நெடுநேரம் யோசித்துக் கவிழ்த்தார். மனிமேக்கர் பட்டத்தை வென்றார், பரிசு 25 லட்சம் டாலர்.

எல்லாரும் அவருடைய தைரியத்தைப் பேசுவார்கள். நான் பார்ப்பது வேறு. டர்னில் விழ வாய்ப்பிருந்த சீட்டோடு ஏற்கெனவே ரெய்ஸ் செய்திருந்தார், அதனால் ரிவரில் தள்ளியது திடீரென்று வந்த கதையாக இல்லை. எதிரே இருந்தவரும் ஒரு ஜோடியைக் கீழே வைக்கத் தெரிந்த ஆள். அதே தள்ளலை எங்கள் மாடியில் செய்தால் "இன்னா நைனா, படம் காட்டுறியா?" என்று ஆறு நான்கு வைத்துக்கூடக் கால் சொல்வார்கள். அவர்களிடம் பிளஃப் வீண். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் பெரிதாகக் கட்டினால் போதும்.

எவ்வளவு கட்டுவது?

நடுவைப் பார்த்துக் கட்டுங்கள், பழக்கத்தில் பத்துப் பத்தாகத் தள்ளாதீர்கள். நடு 12 இருக்கும்போது 10 பெரிய அடி, 120 இருக்கும்போது அதே 10 கொசுக்கடி.

பொய்க்கும் விலை உண்டு. அரை நடு கட்டினால் மூன்றில் ஒரு முறை அவர்கள் கவிழ்த்தால் முதல் தேறும். முழு நடு என்றால் இரண்டில் ஒரு முறை கவிழ்க்க வேண்டும். உண்மையான சீட்டோடு கட்டும்போது மேசையைப் பாருங்கள். இரண்டு ஆட்டின், அடுத்தடுத்த எண்கள் என்று ஈரமாக இருந்தால் முக்கால், முழு நடு. காத்திருப்பவர் அந்த விலையைக் கொடுக்கட்டும். ராஜா-ஏழு-இரண்டு மாதிரி வறண்டு கிடந்தால் மூன்றில் ஒரு பங்கே போதும்.

நடுவைவிடப் பெரிதாகவும் கட்டலாம். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்தது. அது அப்படி மீறிக் கட்டிக் கட்டியே அவர்களைத் திணறவைத்தது. நாம் கணினி இல்லை. ஆனாலும் வழக்கமான அளவு என்று ஒன்று சட்டத்தில் கிடையாது என்பதை அது காட்டியது.

கொட்டை குறைந்துவிட்டது. இருபதுதான் இருக்கிறது. என்ன செய்ய?

2 கொட்டை பிளைண்டில் 20 என்றால் பத்து பிளைண்ட். கட்டிவிட்டு அப்புறம் கவிழ்க்க இடமில்லை. நல்ல சீட்டு வந்தால், முன்னால் யாரும் கட்டாமல் இருந்தால், மொத்தத்தையும் தள்ளுங்கள். இல்லையென்றால் கவிழ்த்துவிட்டு டீ குடியுங்கள். எல்லாரும் கவிழ்த்தால் பிளைண்ட் உங்களுடையது. யாராவது வந்தாலும் ஐந்து சீட்டையும் பார்ப்பீர்கள்.

புளியங்கொட்டைக்கு ஆடினால் எவன் ஃபோல்டு செய்வான்?

நியாயமான கேள்வி. முதல் வருடம் ஒருவரும் செய்யவில்லை. எல்லாரும் எல்லாக் கையையும் ரிவர் வரை பார்த்தார்கள், ஆட்டமே கெட்டது. அப்புறம் ஒரு நோட்டு போட்டோம். தினமும் யார் எத்தனை கொட்டையோடு எழுந்தார் என்று எழுதி, தடைக்காலம் முடியும் வரை கூட்டிக்கொண்டே போவோம். வாரக் கடைசியில் கணக்கில் கடைசியாக இருப்பவர் மாடியைப் பெருக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே ஆட்கள் கவிழ்க்கக் கற்றுக்கொண்டார்கள். நாற்பது வயது ஆளுக்குக் கையில் துடைப்பம் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

காசு வைத்து ஆடலாமா? போனில் ஆப் இருக்கிறதே?

கூடாது. இதில் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, 2023 நவம்பரில் அவற்றை அந்தத் தடையிலிருந்து விலக்கியது. "கோர்ட்டே சொல்லியாச்சு" என்று அதைக் காட்டி இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு வைக்கும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்கிறது. நேரில் கூட்டம் சேர்த்துக் காசு வைத்துச் சூதாடுவதற்கு 1930-ஆம் ஆண்டு சட்டமும், சென்னைக்குள் 1888-ஆம் ஆண்டு மாநகரப் போலீஸ் சட்டமும் இருக்கின்றன.

சட்டத்தை விடுங்கள். என் சிநேகிதன் ஒருவன் ஒரு ஆப்பில் ரம்மி ஆடி, படகில் இருந்த பங்கை விற்றான். இப்போது அதே படகில் கூலிக்குப் போகிறான். எங்கள் மாடியில் கொட்டை என்பது அவனால் வந்த ஏற்பாடு. உங்கள் வீட்டில் யாராவது அந்த நிலையில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

கவிழ்த்த பிறகு பார்த்தால் நான்தான் ஜெயித்திருப்பேன். அப்போது கவிழ்த்தது தப்பா?

ஏழு-இரண்டைக் கவிழ்த்த கையில் ஃப்ளாப் ஏழு-ஏழு-இரண்டாக விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் கவிழ்த்தபோது எனக்குத் தெரிந்தது இரண்டு மட்டமான சீட்டு மட்டும்தான். அதே இடத்தில் மறுபடி வந்தாலும் கவிழ்ப்பேன்.

இந்தப் புலம்பல் மேசை முழுக்கத் தொற்றுகிறது, அடுத்த பத்துக் கைக்கு எல்லாரும் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் ஒரு விதி வைத்தோம்: "நான் போட்டது என்ன தெரியுமா?" என்று கவிழ்த்த சீட்டைத் திறந்து காட்டுகிறவர் அன்றைய டீ டம்ளரைக் கழுவ வேண்டும். போன தடைக்காலத்தில் நான் மட்டும் ஒன்பது நாள் கழுவினேன்.